அடிமாட்டு விலைக்குக் கேட்கும் முன்: ஃபிளாட் பேரத்தில் சறுக்கும் இடங்கள்

குறைத்துக் கேட்பதில் தப்பே இல்லை. விற்பவரும் பேரம் நடக்கும் என்று தெரிந்துதான் பெரும்பாலும் விலையைக் கொஞ்சம் ஏற்றிச் சொல்லியிருப்பார். ஆனால் ஃபிளாட் பார்க்கக் கிளம்புகிறவர்களிடம் தெரிந்தவர்கள் எல்லாம் தவறாமல் சொல்லும் யோசனை ஒன்று உண்டு: "நூறு சொன்னா எழுபதுல ஆரம்பி. கேட்டுப் பார்க்கிறதுல என்ன நஷ்டம்?"

நஷ்டம் உண்டு. அந்த எழுபதுக்கு ஒரு காரணம் சொல்ல முடியாவிட்டால் ஓனர் அடுத்த தடவை உங்கள் போனை எடுக்க மாட்டார். எடுத்தாலும், பிறகு நீங்கள் நியாயமான விலையே சொன்னாலும் சந்தேகத்தோடுதான் கேட்பார்.

சொன்ன விலையிலிருந்து கழிப்பது

எழுபது எங்கிருந்து வந்தது? ஓனர் சொன்ன நூறிலிருந்து. அவர் நூற்றிருபது சொல்லியிருந்தால் நீங்கள் எண்பத்து நான்கில் ஆரம்பித்திருப்பீர்கள். ஃபிளாட் என்னவோ அதேதான். கறாராகப் பேரம் பேசுவதாக நினைத்துக்கொண்டு, கணக்குப் போடும் வேலையை அவரிடமே விட்டுவிட்டீர்கள்.

தொழில் தெரிந்தவர்களே இதில் விழுகிறார்கள். கிரெகரி நார்த்கிராஃப்ட், மார்கரெட் நீல் என்ற ஆய்வாளர்கள் அமெரிக்காவின் டூசான் நகரில் நடத்திய ஆய்வு 1987-இல் வெளியானது. வீட்டுத் தரகர்களை ஒரே வீட்டுக்கு அனுப்பி மதிப்பிடச் சொன்னார்கள். கையில் கொடுத்த தாள்களில் விற்பனை விலையை மட்டும் ஆளுக்கு ஆள் மாற்றி அச்சிட்டிருந்தார்கள். கூடுதல் விலை அச்சான தாளை வாங்கியவர்கள் கூடுதலாகவும், குறைந்த விலையைப் பார்த்தவர்கள் குறைவாகவும் மதிப்பிட்டார்கள். எப்படிக் கணக்குப் போட்டீர்கள் என்று கேட்டபோது, பெரும்பாலான தரகர்கள் அந்த அச்சிட்ட விலையைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

ஆகவே ஓனரின் எண்ணை ஒரு ஓரமாக வைத்துவிட்டு, அதே கட்டடத்தில், இல்லாவிட்டால் அடுத்த தெருவில், இதே அளவு ஃபிளாட்டுகள் கடந்த ஓராண்டில் என்ன விலைக்குப் போயின என்று விசாரியுங்கள். விளம்பரத்தில் இருக்கும் விலைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பயனில்லை. அவையெல்லாம் இன்னும் விற்காத விலைகள். விற்ற விலை கிடைத்ததும் மாடி, வெளிச்சம், பார்க்கிங், கட்டடத்தின் வயது ஆகியவற்றுக்குத் தக்கபடி கூட்டிக் கழியுங்கள். அப்புறம் செய்ய வேண்டிய மராமத்துச் செலவைக் கழியுங்கள், அதையும் குத்துமதிப்பாக இல்லாமல் ஒருவரிடம் எழுதி வாங்கி. கடைசியாக, எதற்கு மேல் போக மாட்டீர்கள் என்பதைக் குறித்து வைத்துக்கொண்டு பேசப் போங்கள்.

வெறும் எண்ணை நீட்டுவது

"எண்பது தர்றேன், யோசிச்சுச் சொல்லுங்க" என்பதற்கும் கீழே உள்ளதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். ஓனர் சொன்ன விலை 100 என்று வைத்துக்கொள்வோம்.

"இதே கட்டடத்தில் இதே அளவு ஃபிளாட் இரண்டு, போன வருடம் 92-க்கும் 94-க்கும் போயிருக்கின்றன. இரண்டும் புதுப்பித்தவை. இங்கே குளியலறைக் கசிவுக்கும் வயரிங்குக்கும் 6 ஆகும் என்று எழுதி வாங்கியிருக்கிறேன், அந்தத் தாளை அனுப்புகிறேன். லோன் ஒப்புதல் கையில் இருக்கிறது. 83.5-க்கு முடிக்கத் தயார். காலி செய்யும் தேதியை உங்கள் வசதிக்கு வைத்துக்கொள்ளலாம். வெள்ளிக்கிழமைக்குள் சொன்னால் நல்லது."

சராசரி 93-இல் 6 போனால் 87. ஏறுவதற்கு இடம் விட்டு அதற்கும் கீழே ஆரம்பிப்பதால் இதுவும் குறைந்த விலைதான். ஆனால் ஓனர் இதை வீட்டில் இருப்பவர்களிடம் அப்படியே ஒப்பிக்க முடியும். ஃபிளாட் விற்பது பெரும்பாலும் ஒருவர் முடிவு இல்லை. பேச்சுக்கு வந்தவர் உள்ளே போய் இன்னும் இரண்டு பேரைச் சம்மதிக்க வைக்க வேண்டியிருக்கும். "எண்பதுதான் தருவாராம்" என்பதை வைத்து அவரால் யாரையும் சம்மதிக்க வைக்க முடியாது.

80 என்ற முழு எண்ணுக்குப் பதில் 83.5 என்று சொன்னதற்கும் காரணம் உண்டு. முழு எண்ணைவிட உடைந்த எண்ணைச் சொன்னால், எதிராளி அதையொட்டியே பதில் விலை சொல்கிறார் என்று கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் காட்டினார்கள். சொல்பவர் கணக்குத் தெரிந்தவர் என்ற எண்ணம் வருகிறதாம். கணக்கே போடாமல் சும்மா 83.5 என்று சொல்லிவிடாதீர்கள். "அது எப்படி?" என்று ஒரே ஒரு கேள்வி வந்தால் முழிக்க வேண்டியிருக்கும்.

வீட்டுக்குள் நின்றுகொண்டு வீட்டைத் திட்டுவது

"இந்த டைல்ஸ் எல்லாம் பேத்து எடுக்கணும்", "கிச்சன் ரொம்ப இருட்டு" என்று ஓனர் காதுபட அடுக்குவதைப் பலர் பேரத் தந்திரம் என்று நினைக்கிறார்கள். அந்த டைல்ஸைத் தேர்ந்தெடுத்ததே அவராக இருக்கலாம். குறையைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் செலவுக் கணக்காக, பின்னர், எழுத்தில் சொல்லுங்கள். வீட்டைப் பார்க்கும்போது பிடித்ததைச் சொன்னால் விலை ஏறிவிடாது. இவருக்கு வாங்கும் எண்ணம் இருக்கிறது என்றுதான் அவர் புரிந்துகொள்வார்.

இதைவிடப் பெரிய தவறு, எதிரே இருப்பவரைப் பற்றி ஒன்றும் தெரிந்துகொள்ளாமல் விலை பேசுவது. அவர் எப்போது, என்ன விலைக்கு வாங்கினார்? டேவிட் ஜெனசோவ், கிறிஸ்டோபர் மேயர் என்ற பொருளாதார ஆய்வாளர்கள் இருவரும் 1990-களின் பாஸ்டன் நகர ஃபிளாட் விற்பனைகளை ஆராய்ந்து 2001-இல் எழுதினார்கள். வாங்கிய விலைக்கும் கீழே விற்க வேண்டிய நிலையில் இருந்தவர்கள், அந்த நஷ்டத்தில் 25 முதல் 35 சதவீதம் வரை கூட்டி விலை சொன்னார்கள். அவர்களுடைய ஃபிளாட்டுகள் விற்கவும் அதிக நாள் பிடித்தது. சந்தை உச்சத்தில் வாங்கிய ஓனரிடம் உங்கள் கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும் எடுபடாமல் போகலாம் என்பதுதான் இதன் அர்த்தம். அவரோடு மல்லுக்கட்டுவதைவிட, வேலை மாற்றலால் ஊர் விட்டுப் போகிறவர், பாகம் பிரித்தாக வேண்டியவர், ஏற்கெனவே இன்னொரு வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டவர் என்று யாராவது கிடைக்கிறார்களா என்று தேடலாம். நாலு மாதமாக விற்காமல் கிடக்கும் ஃபிளாட்டும் அப்படித்தான். நேற்று விளம்பரம் வந்து, இன்று வாசலில் மூன்று பேர் நிற்கும் ஃபிளாட்டுக்குக் குறைத்துக் கேட்டால் வரிசையிலிருந்து நீங்களே விலகிக்கொள்கிறீர்கள், அவ்வளவுதான்.

புரோக்கரிடம் மனதைத் திறப்பது

"கடைசியா எவ்வளவு வரைக்கும் போவீங்க, எனக்கு மட்டும் சொல்லுங்க" என்பார். சொல்லாதீர்கள். அவர் கெட்டவர் என்பதற்காக இல்லை. பேரம் முடிந்தால்தான் அவருக்குக் கமிஷன், அதுவும் சீக்கிரம் முடிந்தால் நல்லது. ஸ்டீவன் லெவிட், சாட் சைவர்சன் என்ற பொருளாதார ஆய்வாளர்கள் 2008-இல் வெளியிட்ட ஆய்வின்படி, சிகாகோ வட்டாரத்தில் தரகர்கள் தங்கள் சொந்த வீட்டை விற்றபோது மற்றவர்களின் வீட்டைவிட சுமார் 3.7 சதவீதம் அதிக விலை கிடைத்தது. அதற்காக ஒன்பதரை நாள் கூடுதலாகக் காத்திருந்தார்கள். அடுத்தவர் வீடு என்றால் அந்தப் பொறுமை இருப்பதில்லை. இது உங்களுக்குச் சாதகம்தான், உங்கள் காரணங்களை ஓனரிடம் அவரே எடுத்துச் சொல்வார். ஆனால் உங்கள் உச்ச விலை அவருக்குத் தெரிந்துவிட்டால் சீக்கிரம் முடிக்க அதுதான் குறுக்கு வழி.

"எண்பதிலிருந்து தொண்ணூறுக்குள்ள பார்க்கலாம்" என்பதும் உச்ச விலையைச் சொன்னதற்குச் சமம். ஓனர் காதில் தொண்ணூறு மட்டும்தான் விழும்.

ஏறும் விதத்திலும் கவனம் வேண்டும். 83.5, 85.5, 86.5, 87 என்று படி சிறுத்துக்கொண்டே போனால், பணம் தீர்ந்துகொண்டு வருகிறது என்று எதிராளிக்குத் தானாகப் புரியும். 75-இலிருந்து ஒரே தாவலில் 87-க்குப் போனால் இன்னும் எவ்வளவோ இருக்கிறது என்று நினைப்பார். ஓனர் பதில் சொல்லாத நேரத்தில் நீங்களாக விலையை ஏற்றுவது இன்னும் மோசம். இரண்டு நாள் அமைதியாக இருந்தால் இருக்கட்டும். "இதுதான் கடைசி" என்பதை ஒரு தடவைதான் சொல்ல முடியும்.

விலை நகராத இடத்தில் வேறு ஏதாவது நகரும். அலமாரி, ஏசி, காலி செய்யும் தேதி, நிலுவையில் இருக்கும் பராமரிப்புக் கட்டணம் என்று கேட்க எத்தனையோ இருக்கின்றன. லோன் கொடுப்பவர்கள் தங்கள் மதிப்பீட்டை வைத்தே கடன் தருவார்கள் என்பதால், அந்த மதிப்பு ஓனர் சொன்ன விலைக்குக் கீழே வந்தால் அதையும் தாராளமாகக் காட்டலாம்.

கைகுலுக்கிய பிறகு

விலை ஒத்துக்கொண்டு, பத்திரம் தயாராகும் நேரத்தில் "இன்னும் ரெண்டு குறைச்சுக்கோங்க" என்பவர்கள் இருக்கிறார்கள். புதிதாக ஒரு கசிவோ, சொல்லாத பாக்கியோ தெரியவந்தால் மறுபடி பேசுவது நியாயம். ஒன்றுமே இல்லாமல், ஓனரால் இனி பின்வாங்க முடியாது என்ற தைரியத்தில் கேட்டால், அவர் சாவியைத் தரும் நாள்வரை ஒவ்வொன்றிலும் இழுத்தடிப்பார்.

நேரெதிராகவும் நடக்கும். ஆழம் பார்க்கச் சொன்ன 75-க்கு ஓனர் அந்த நிமிடமே "சரி" என்றால் சந்தோஷப்பட வேண்டாம். அந்த ஃபிளாட்டைப் பற்றி உங்களைவிட அவருக்கு அதிகம் தெரியும். அட்வான்ஸ் கொடுக்கும் முன் பத்திரங்களை வக்கீலிடம் காட்டுங்கள். பராமரிப்புச் சங்கத்தில் பாக்கியும், வரப்போகும் பெரிய செலவுகளும் என்னவென்று கேளுங்கள். மழை பெய்த மறுநாள் ஒரு தடவை போய் மேல்சுவரைப் பாருங்கள். கீழ்வீட்டுக்காரரிடம் இரண்டு வார்த்தை பேசுங்கள்.