புது பிக்கப் டிரக்கை உயர்த்தலாம், திரும்ப இறக்கவும் முடிய வேண்டும்: லிஃப்ட் கிட் தேர்ந்தெடுப்பது எப்படி?

அமெரிக்காவில் பிக்கப் டிரக் வாங்கும் நம்மவர்கள் பலருக்கும் முதல் மாதத்திலேயே ஓர் ஆசை வரும். மூக்கு கொஞ்சம் தாழ்ந்திருக்கிறதே, தூக்கிவிட்டால் என்ன? தாராளமாகத் தூக்கலாம். ஆனால் வண்டி லீஸில் இருக்கலாம், மூன்று வருடத்தில் விற்க நேரலாம், வாரண்டியும் பாக்கி இருக்கும். அதனால் நாளைக்கே கழற்றினாலும் வண்டி ஷோரூமில் இருந்த நிலைக்குத் திரும்ப வேண்டும். அப்படிப்பட்ட லிஃப்ட் கிட்டை, அதாவது வண்டியை உயர்த்தும் பாகங்களின் தொகுப்பை, எப்படிப் பார்த்து வாங்குவது என்பதுதான் இந்தப் பதிவு. உதாரணத்துக்கு ஃபோர்டு எஃப்-150 ஃபோர் வீல் டிரைவை எடுத்துக்கொள்கிறேன். முன்னால் காயில் ஸ்பிரிங், பின்னால் பட்டை ஸ்பிரிங் என்ற இதே அமைப்புதான் இன்னும் பல பிக்கப்களிலும் இருக்கிறது.

படி 1: எதற்காகத் தூக்குகிறோம்?

மூக்கு தாழ்ந்திருப்பது தயாரிப்புக் குறை இல்லை. பின்னால் பாரம் ஏற்றினால் அந்தப் பக்கம் அமுங்கி வண்டி சமமாக வரட்டும் என்றே நிறுவனம் பின்பக்கத்தை உயரமாக வைக்கிறது. வாராவாரம் டிரெய்லர் இழுப்பவர் முன்பக்கத்தை மட்டும் தூக்கினால், பாரம் ஏறியதும் மூக்கு வானத்தைப் பார்க்கும், ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். பாரம் அதிகம் இழுப்பவர்களுக்கு என் யோசனை, லிஃப்ட்டையே மறந்துவிடுங்கள் என்பதுதான்.

தோற்றத்துக்காகவோ, கொஞ்சம் பெரிய டயருக்காகவோ, மண் சாலைக்காகவோ என்றால் முன்னால் 2 அங்குலம் போதும். அதற்குமேல் போகப் போக 'திரும்ப இறக்கலாம்' என்ற வாக்குறுதி பலவீனமாகிக்கொண்டே வரும். ஃபோர் வீல் எஃப்-150க்கு வரும் 6 அங்குல கிட்கள் பலவற்றில் அடிச்சட்டத்தின் குறுக்குத் துண்டு ஒன்றை வெட்டி எடுக்கச் சொல்வார்கள். வெட்டிய இரும்பை எந்த ஸ்பேனரும் திருப்பித் தராது.

படி 2: முதலில் அளவெடுங்கள்

கிட் பக்கங்களைத் திறக்கும் முன் டேப்பை எடுங்கள். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் நடு மையத்திலிருந்து நேர் மேலே ஃபெண்டர் விளிம்பு வரை எத்தனை அங்குலம் என்று நான்கு இடத்திலும் குறித்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் டேங்க் எவ்வளவு இருந்தது என்பதையும் எழுதுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயர் காற்றும் தேய்மானமும் கணக்கைக் குழப்பும், அதனால்தான் மையத்திலிருந்து. புது வண்டியிலேயே இடமும் வலமும் கால் அங்குலம் வித்தியாசம் காட்டலாம், பதற வேண்டாம். பின்னாளில் இறக்கும்போது 'பழைய நிலை' என்பதற்குச் சாட்சி இந்தத் தாள்தான்.

அப்படியே கராஜ் கதவையும் அளந்துவிடுங்கள். வீடுகளில் 7 அடி, அதாவது 84 அங்குலக் கதவுதான் சாதாரணம். எஃப்-150 நான்கு கதவு, ஃபோர் வீல் வண்டியின் உயரம் சுமார் 77 அங்குலம். 2 அங்குலத்துக்கு இடமிருக்கிறது. 6 அங்குலமும் 35 அங்குல டயரும் போட்டால் வண்டி வெளியில்தான் படுக்க வேண்டும்.

படி 3: கிட் வகைகள்

இங்கேதான் ஆற அமர யோசிக்க வேண்டும். முன்பக்கத்துக்கு முக்கியமாக மூன்று வழிகள்.

முதலாவது, ஸ்ட்ரட்டின் (ஷாக் அப்சார்பரும் காயில் ஸ்பிரிங்கும் சேர்ந்த முன்பக்கத் தூண்) தலையில் வைக்கும் ஸ்பேசர், அதாவது உயரம் கூட்ட இடையில் வைக்கும் துண்டு. ஸ்ட்ரட்டின் உச்சியில் மூன்று போல்ட் கால்கள் நீட்டிக்கொண்டிருக்கும். ஸ்பேசரை அதன்மேல் உட்காரவைத்து நட்டு போட்டு இறுக்குவார்கள், ஸ்பேசருக்கென்று உள்ள போல்ட்கள் சட்டத்துக்குள் போகும். ஸ்ட்ரட் சக்கரத்துக்கு நேர் மேலே இல்லாமல் உள்தள்ளி நிற்பதால், ஏறக்குறைய 1 அங்குலத் தடிமனே சக்கரத்தில் 2 அங்குலம் உயர்த்திவிடும். பார்சலில் வரும் துண்டு சின்னதாக இருக்கிறதே என்று ஏமாற வேண்டாம். விலை குறைவு, ஸ்பிரிங்கைத் தொட வேண்டியதில்லை, கழற்றுவதும் சுலபம். குறை என்னவென்றால், சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது முன்பைவிட அதிகமாகக் கீழே இறங்கும். சக்கரத்தைத் திரும்பவிடும் பால் ஜாயிண்டும், சாய்ந்த நிலையிலும் சக்கரத்தைச் சுழற்றும் அச்சின் சிவி ஜாயிண்டும் அந்தக் கோணத்தைத் தாங்க வேண்டும். 2 அங்குலம் வரை பொதுவாகத் தாங்கும். 3 என்று விற்கும் ஸ்பேசரை மட்டும் தனியாகப் போடாதீர்கள்.

இரண்டாவது, ஸ்பிரிங்கோடு சேர்த்து உள்ளே வைக்கும் ஸ்பேசர். தொங்கும் அளவு மாறாது, ஆனால் ஸ்பிரிங் ஏற்கெனவே அழுத்தப்பட்டிருப்பதால் பயணம் விறைப்பாகிவிடும். போடவும் எடுக்கவும் ஸ்பிரிங்கை அமுக்கிப் பிரிக்க வேண்டும். அமுக்கிய ஸ்பிரிங் கைதவறினால் உயிர் போகலாம், வீட்டு வாசலில் வைத்துச் செய்கிற வேலை இல்லை. இந்த வகையை நான் யாருக்கும் சொல்வதில்லை.

மூன்றாவது, உயரம் மாற்றக்கூடிய ஷாக் அப்சார்பர். பில்ஸ்டைன் 5100 இதற்குப் பேர்போனது. அதன் உடம்பில் வளையம் மாட்டும் பள்ளங்கள் வரிசையாக இருக்கும். வளையம் எந்தப் பள்ளத்தில் இருக்கிறதோ, ஸ்பிரிங் அந்த உயரத்தில் உட்காரும். விலை ஸ்பேசரைவிடப் பல மடங்கு, ஸ்பிரிங் மாற்ற கடைக்குத்தான் போக வேண்டும். ஆனால் வண்டியோடு வந்த ஷாக் தேயாமல் பெட்டியில் இருக்கும், விற்கும்போது அப்படியே திருப்பிப் போடலாம். ஒரு வசதிக்கு, அதற்குப் புது ஸ்பிரிங்கும் மேல் மவுண்டும் வாங்கி முழுதாகக் கோத்து வைத்துக்கொண்டால், பழைய ஸ்ட்ரட்டைப் பிரிக்காமலே எடுத்து வைக்கலாம். பணம் இருந்தால் இதுதான் என் தேர்வு. உங்கள் வண்டியில் கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் ஷாக் இருந்தால் இந்த வழி பொருந்தாது, அதற்கென்றே செய்த கிட் தேவை.

பின்பக்கத்தை விட்டுவிட்டாலே நல்லது. தூக்கியே ஆக வேண்டுமென்றால் அச்சுக்கும் பட்டைக்கும் நடுவில் ஒரே பிளாக், கூடவே அச்சையும் பட்டையையும் சேர்த்துப் பிணைக்கும் நீளமான புது யு-போல்ட். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு பிளாக் அடுக்குவது ஆபத்து. பட்டைக் கட்டுக்குள் கூடுதல் பட்டை சொருகும் முறையில் கட்டையே பிரிக்க வேண்டும், திரும்பக் கோக்கும்போது அதே உயரம் வருமா என்பது அதிர்ஷ்டம்.

படி 4: வாங்கும் முன் செய்முறைத் தாளைப் படியுங்கள்

நல்ல நிறுவனங்கள் இதை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கும். கிடைக்கவில்லை என்றால் அந்தக் கிட் வேண்டாம். தாளில் வெட்டு, துளையிடு, வெல்ட் செய், தேய் என்று எங்காவது வருகிறதா பாருங்கள். ஸ்பேசர் கிட்களிலேயே சில, நான் மேலே சொன்ன அந்த மூன்று போல்ட் கால்களின் நுனியைக் கொஞ்சம் வெட்டச் சொல்லும். 'நூறு சதவீதம் போல்ட்-ஆன்' என்று அட்டையில் அச்சடித்திருந்தாலும் உள்ளே பதினோராம் வரியில் இது ஒளிந்திருக்கும். பெரிய டயரோடு சேர்த்து வாங்குபவர்கள் ஃபெண்டருக்குள் பிளாஸ்டிக்கை நறுக்கச் சொல்கிறார்களா என்றும் பாருங்கள்.

படி 5: காகித வேலை

லிஃப்ட் போட்டாலே மொத்த வாரண்டியும் போய்விடும் என்று டீலர் சொன்னால் அது சரியில்லை. 1975ஆம் ஆண்டின் மேக்னஸன்-மாஸ் வாரண்டிச் சட்டப்படி, வெளிச் சந்தைப் பாகம் போட்டதற்காக மட்டும் வாரண்டியை மறுக்க முடியாது. ஆனால் அந்தப் பாகத்தால்தான் பழுது வந்தது என்றால் மறுக்கலாம். ஃபோர்டில் பொது வாரண்டி 3 ஆண்டு அல்லது 36,000 மைல். அதற்குள் ரேடியோ கெட்டால் கவலையில்லை, சிவி ஜாயிண்டின் ரப்பர் உறை கிழிந்தால் வாதாட வேண்டிவரும்.

லீஸ் வண்டி என்றால் ஒப்பந்தத்தில் மாற்றங்கள் பற்றிய பத்தியைப் படித்துவிட்டு இறங்குங்கள். இன்சூரன்ஸ்காரரிடமும் சொல்லிவிடுங்கள். மாநிலச் சட்டம் இடத்துக்கு இடம் மாறும். டெக்சாஸில் ஹெட்லைட் தரையிலிருந்து 24 முதல் 54 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். வட கரோலினாவிலோ முன் ஃபெண்டரைப் பின்னதைவிட 4 அங்குலமோ அதற்கு மேலோ உயர்த்துவது 2021 டிசம்பரிலிருந்து தடை. மூக்கைத் தூக்கிப் பின்புறத்தை உட்காரவைக்கும் அந்த ஊர் மோகத்துக்குப் போட்ட பூட்டு அது.

படி 6: கடையில் என்ன கேட்பது?

நீங்களே செய்தாலும் கடையில் கொடுத்தாலும் மூன்று விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். சக்கரத்தை அடிச்சட்டத்தோடு இணைக்கும் கீழ்க் கையின் ரப்பர் புஷ் போல்ட்களைச் சக்கரம் தரையில் நின்ற பிறகுதான் கடைசியாக இறுக்க வேண்டும். வண்டி அந்தரத்தில் இருக்கும்போது இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டே ஓடி சீக்கிரம் கிழியும். இரண்டாவது, சக்கரத்தைத் தாங்கும் நக்கிளைக் கயிற்றாலாவது கட்டித் தாங்க வேண்டும். தொங்கவிட்டால் அச்சுத்தண்டு உள் ஜாயிண்டிலிருந்து நழுவலாம், பிரேக் ஹோஸும் இழுபடும். மூன்றாவது வீல் அலைன்மென்ட். வேலைக்கு முன்னும் பின்னும் அளவுத் தாளை அச்செடுத்து வாங்குங்கள்.

அப்புறம் ஹெட்லைட். வேலைக்கு முன்பே 25 அடி தூரத்தில் சுவருக்கு எதிரே நிறுத்தி, ஒளியின் மேல் விளிம்பு எங்கே விழுகிறது என்று டேப் ஒட்டிவிடுங்கள். மூக்கு நிமிர்ந்தால் ஒளியும் நிமிரும், விளக்கின் பின்னுள்ள திருகால் இறக்கிக்கொள்ளலாம். பாதை காக்கும் கேமராவும் முன் ரேடாரும் உள்ள வண்டியில் அவற்றுக்கு மறு அளவீடு தேவையா என்று அலைன்மென்ட் கடையிலேயே கேளுங்கள்.

படி 7: பழைய பாகங்கள்

கழற்றிய ஒவ்வொன்றிலும் இடது, வலது என்று பெயின்ட் பேனாவால் எழுதுங்கள். நட்டு, போல்ட்களை இடம் குறித்த தனித்தனிப் பையில் போடுங்கள். ஷாக்கைக் காய்ந்த இடத்தில் வையுங்கள், கம்பியில் துரு பிடித்தால் அதன் சீல் போய்விடும். பின்னால் பிளாக் போட்டிருந்தால் நிறுவனம் கொடுத்த பழைய பிளாக்கையும் எறியாதீர்கள்.

இறக்கும் நாளில் வேலை அப்படியே தலைகீழ். ஆனால் யு-போல்ட் ஒருமுறை இறுக்கினால் நீண்டுவிடும், பழையதைத் திரும்பப் போடக் கூடாது, புதிது வாங்குங்கள். அலைன்மென்ட்டும் ஹெட்லைட்டும் மறுபடி சரிபார்க்க வேண்டும். பிறகு படி 2இல் எழுதிய தாளை எடுத்து நான்கு மூலையையும் அளந்து பாருங்கள். கால் அங்குலத்துக்குள் ஒத்துப்போனால் வண்டியை டீலரிடம் ஓட்டிக்கொண்டு போகலாம். ஸ்பேசர் கிட்டை யாருக்காவது விற்றுவிடலாம், அதற்கு நல்ல கிராக்கி.