சொந்தக் கிளினிக் தொடங்கும் மருத்துவர்கள் தவிர்க்க வேண்டிய பணத் தவறுகள்

என்னிடம் முன்பு பயிற்சி மருத்துவராக இருந்த ஒருவர் சென்ற மாதம் ரத்தப் பரிசோதனைக் கருவிக்கான ஓர் ஒப்பந்தத்தைக் கொண்டுவந்து, கையெழுத்திடுவதற்கு முன் ஒரு முறை பார்த்துத் தரும்படி கேட்டார். ஏழாம் பக்கத்திலிருந்த ஒரு பிரிவைப் படித்ததும் நின்றுவிட்டேன். ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு முன் நான் படிக்காமலேயே கையெழுத்திட்ட அதே பிரிவு. வாசகம்கூடப் பெரிதாக மாறவில்லை. கணக்கு எழுதுங்கள், வரியை நேரத்தில் கட்டுங்கள், வீட்டுச் செலவையும் கிளினிக் செலவையும் கலக்காதீர்கள் என்பதையெல்லாம் எந்த ஆடிட்டரும் சொல்லிவிடுவார் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். நம்மைக் கெட்டிக்காரர்கள் என்று நினைத்துக்கொண்டே நாம் திரும்பத் திரும்பச் செய்யும் சில தவறுகளை மட்டும் எழுதுகிறேன்.

தனக்குச் சம்பளம் போடாத கணக்கு

வாடகை, ஊழியர் சம்பளம், மின்கட்டணம், கடன் தவணை எல்லாம் போக மாதக் கடைசியில் மிஞ்சுவதை லாபம் என்கிறோம். அதே மணி நேரங்களை வேறொரு மருத்துவமனையில் உழைத்திருந்தால் நமக்குக் கிடைத்திருக்கக்கூடிய சம்பளத்தையும் கழித்த பிறகு எஞ்சுவதே லாபம். அப்படிக் கழித்துப் பார்த்தால் நன்றாக நடப்பதாகத் தோன்றும் சில கிளினிக்குகள் நஷ்டத்தில் ஓடுவது தெரியவரும். அதற்காக மூடிவிட வேண்டியதில்லை. ஆனால் இந்தக் கணக்கைப் போடாமல் இரண்டாவது கிளை திறக்கக் கடன் வாங்கக் கூடாது.

இலவசமாக வந்த அனலைசர்

இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் இதை நினைத்தால் எனக்கு எரிச்சல் அடங்குவதில்லை. கிளினிக் தொடங்கிய இரண்டாம் ஆண்டில் ஒரு நிறுவனத்தின் பிரதிநிதி வந்து, ரத்தப் பரிசோதனை அனலைசரை விலையில்லாமல் வைத்துத் தருவதாகவும், ஐந்து ஆண்டுகளுக்கு அதில் ஊற்றும் ரசாயனமான ரீஏஜென்ட்டை மட்டும் அவர்களிடமே வாங்க வேண்டும் என்றும் சொன்னார். என்னுடைய மருந்துச் சீட்டின் பின்பக்கத்திலேயே கணக்குப் போட்டுக் காட்டினார். ஒரு கிட்டில் 200 பரிசோதனை. கிட்டின் விலையை 200ஆல் வகுத்தால் ஒரு பரிசோதனைக்கு ஆகும் செலவு. கட்டணத்தில் அதைக் கழித்தால் லாபம். கடன் இல்லை, தவணை இல்லை. மாதந்தோறும் குறிப்பிட்ட அளவுக்குக் குறையாமல் ரீஏஜென்ட் வாங்க வேண்டும், குறைந்தால் வித்தியாசத்தைப் பணமாகக் கட்ட வேண்டும் என்ற பிரிவு ஏழாம் பக்கத்தில் இருந்தது. நான் மூன்றாம் பக்கத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

தவறு அந்த 200இல் இருந்தது. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கும் கிரியாட்டினின் பரிசோதனையை எடுத்துக்கொள்வோம். கருவியில் ஏற்றிய பாட்டில் 28 நாள்தான் தாங்கும். பிறகு மீதியைக் கொட்டிவிட வேண்டும். ஒவ்வொரு நாள் காலையிலும் நோயாளியின் ரத்தத்தைத் தொடுவதற்கு முன் கருவி சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க, அளவு முன்பே தெரிந்த இரண்டு மாதிரிகளை, அதாவது கன்ட்ரோலை, ஓட்ட வேண்டும். என் கிளினிக்கில் ஒரு நாளைக்குச் சராசரியாக மூன்று பேருக்குத்தான் அந்தப் பரிசோதனை தேவைப்பட்டது. நான்கு வாரத்தில் 24 வேலை நாள்; நோயாளிகளுக்கு 72, கன்ட்ரோலுக்கு 48, கருவியின் அளவீட்டைச் சரிசெய்யும் கேலிப்ரேஷனுக்கும் சந்தேகத்தில் மறுபடி ஓட்டியதற்கும் சேர்த்து ஒரு பத்து. மீதி 70 சாக்கடைக்குப் போயிற்று. கட்டணம் கிடைத்தது 72 ரிப்போர்ட்டுக்கு மட்டும் என்பதால், அவர் 200ஆல் வகுத்த விலையை நான் 72ஆல் வகுக்க வேண்டியிருந்தது. சீட்டின் பின்பக்கத்தில் எழுதியிருந்ததைப் போல ஏறத்தாழ இரண்டே முக்கால் மடங்கு.

பிரதிநிதி பொய் சொன்னார் என்று சொல்ல முடியாது. ஒரு நாளைக்கு நாற்பது கிரியாட்டினின் ஓடுகிற மருத்துவமனையில் அதே கிட் ஐந்து நாளுக்குள் தீர்ந்துவிடும், கன்ட்ரோலுக்குப் போவது பத்துக்குள் அடங்கும், அவர் போட்ட கணக்கு கிட்டத்தட்ட அப்படியே வரும். பெரிய இடத்தின் கணக்கை என் சீட்டில் எழுதிக் கொடுத்தார். நான் அதை என்னுடையது என்று நம்பினேன்.

பணம் போனதைவிட மோசமானது வேறொன்று. ஒரு மாலை லேப் டெக்னீஷியன் கதவருகே வந்து, "சார், கிரியாட்டினின் பாட்டில் நாளையோட முடியுது, மூணுல ஒரு பங்குக்கு மேல அப்படியே இருக்கு" என்றார். அடுத்து வந்தவர் பாரம் தூக்கி முதுகைப் பிடித்துக்கொண்ட ஓர் இளைஞர். அவர் சீட்டில் கிரியாட்டினின் என்று எழுதி முடித்த பிறகுதான் என்ன எழுதினேன் என்பதைப் பார்த்தேன். அதை அடித்துவிட்டேன். அதற்கு முந்தைய மாதங்களில் பார்க்காமலே எத்தனை பேருக்கு எழுதினேன் என்று எனக்குத் தெரியாது.

விலகிவிடலாம் என்று ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தால், மீதிக் காலத்துக்கான தொகை முழுவதையும் ஒரே தடவையில் கட்ட வேண்டும் என்று அடுத்த பிரிவு சொன்னது. ஆகவே மூன்று ஆண்டு வித்தியாசத்தைக் கட்டிக்கொண்டே, பாதிப் பரிசோதனைகளை வெளி ஆய்வகத்துக்கு அனுப்பிவந்தேன். அதுவே மலிவாக இருந்தது.

ஆகவே அனலைசர் வைக்க நினைப்பவர்கள் முதலில் மூன்று மாதம் எல்லாப் பரிசோதனைகளையும் வெளியே அனுப்பி, எது எத்தனை என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். திறந்த பாட்டில் எத்தனை நாள் தாங்கும், கேலிப்ரேஷன் எவ்வளவு நாளைக்கு ஒரு முறை, சிறிய பாட்டிலில் கிடைக்குமா, பழுதானால் செலவு யாருடையது என்பவற்றை வாய்மொழியாக அன்றி எழுத்தில் கேளுங்கள். குறைந்தபட்சக் கொள்முதல் பிரிவு நீங்காவிட்டால், உங்கள் நோட்டிலுள்ள எண்ணிக்கையில் பாதிக்கு மேல் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

காப்பீட்டு நோயாளிகள் பெருகினால் பணமும் பெருகும் என்ற நம்பிக்கை

படுக்கை வசதியுள்ள சிறு மருத்துவமனைகள் இதில்தான் மாட்டிக்கொள்கின்றன. ஊழியருக்கு மாதக் கடைசியில் சம்பளம், மருந்து விநியோகஸ்தருக்கு 30 நாளில் பணம். காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து 45 நாள் கழித்துப் பணம் வருகிறது என்றால், ஒன்றரை மாத பில் தொகை எப்போதும் வெளியிலேயே நிற்கும். அந்த நோயாளிகள் இரண்டு மடங்கானால் வெளியில் நிற்கும் தொகையும் இரண்டு மடங்காகும். அதைப் புரட்ட வேண்டியவர் நீங்கள். கூட்டம் அதிகமான மாதத்தில் வங்கியின் ஓவர்டிராஃப்ட் கடனும் ஏன் ஏறுகிறது என்று குழம்புகிறவர்களுக்கு விடை இதுதான். பில் எவ்வளவு, வந்தது எவ்வளவு, பிடித்ததற்குச் சொன்ன காரணம் என்ன என்று ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனி வரி எழுதுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் அனுமதித்த நேரம் எழுதாததற்காகத் திரும்பி வந்த கோரிக்கைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

தொழில்முறைப் பொறுப்புக் காப்பீட்டில் இடைவெளி

சிகிச்சையில் தவறு என்று நோயாளி நஷ்டஈடு கேட்டால் கைகொடுக்கும் இவ்வகைப் பாலிசிகளில் பல, சிகிச்சை நடந்த நாளில் பாலிசி இருந்ததா என்று மட்டும் பார்ப்பதில்லை. புகார் வரும் நாளிலும் அது நடப்பில் இருக்க வேண்டும். பணமுடை என்று ஓராண்டு விட்டுவிட்டுப் புதிதாக எடுத்தால், முந்தைய ஆண்டுகளில் செய்த சிகிச்சைகளுக்கான பாதுகாப்பும் பறிபோகக்கூடும்.

நண்பரோடு கூட்டு

பிரியும்போது எந்தக் கருவி யாருக்கு என்பதைச் சேரும்போதே எழுதுங்கள்.

வாடகை ஒப்பந்தம் மூன்று ஆண்டு, கடன் ஏழு ஆண்டு

கட்டட உரிமையாளர் காலி செய்யச் சொன்னால் எக்ஸ்ரே அறைச் சுவரில் பதித்த ஈயத் தகட்டை விட்டுவிட்டுத்தான் வர வேண்டும். அதற்காக வாங்கிய கடனில் இன்னும் நான்கு ஆண்டு பாக்கி இருக்கும்.