ஒரே லேப்டாப்பில் அளந்துவிட்டு என்க்ரிப்ஷன் கோடை வேகப்படுத்தாதீர்கள்

என்க்ரிப்ஷன் கோடை வேகமாக்க நினைப்பவர்கள் பலர் தங்கள் லேப்டாப்பில் அளந்து பார்த்துவிட்டு முடிவெடுக்கிறார்கள். முதல் தவறே அதுதான். ஏஇஎஸ் என்ற பரவலான என்க்ரிப்ஷன் முறை அங்கே பறப்பதற்குக் காரணம், அதற்கென்றே சிப்புக்குள் இருக்கும் கட்டளைகள், அதாவது இன்டெல் 2010-இல் வெஸ்ட்மியர் சிப்களோடு கொண்டுவந்த ஏஇஎஸ்-என்ஐ கட்டளைகள். ராஸ்பெர்ரி பை 4 என்ற சின்னக் கணினியில் அப்படிப்பட்ட கட்டளைகள் கிடையாது, அதனால் அதே ஏஇஎஸ் அங்கே திணறும். அதன் சிப் பின்பற்றும் ஆர்ம்வி8 வடிவமைப்பில் அவற்றைச் சேர்ப்பது சிப் தயாரிப்பாளரின் விருப்பம். இந்த மாதிரிக் கருவிகளுக்குச் சாச்சா20 என்ற இன்னொரு என்க்ரிப்ஷன் முறை நன்றாகப் பொருந்தும். கூட்டல், பிட்களைச் சுழற்றல், எக்ஸார் (இரண்டு பிட்களும் வேறுபட்டால் 1 தரும் எளிய செயல்) தவிர அதில் வேறு வேலையே இல்லை.

பில்ட் செய்யும் மெஷினுக்கென்றே கம்பைல் செய்து எல்லா இடத்துக்கும் அனுப்புவது அடுத்த தவறு. அந்த மெஷினின் புதிய கட்டளைகள் பழைய பிராசஸரில் இருக்காது, புரோகிராம் அப்படியே விழும். சிப்பில் என்ன வசதி இருக்கிறது என்று ஓடும்போதே கேட்டு, அதற்கேற்ற ஃபங்ஷனைத் தேர்ந்தெடுங்கள்.

எனக்கு அதிகம் கவலை தருவது வேறொன்று. ஏஇஎஸ் கட்டளை இல்லாத சிப்பில் வேகத்துக்காக முன்கூட்டியே கணக்கிட்ட அட்டவணைகளை வைப்பார்கள். அட்டவணையின் எந்த இடத்தைப் படிக்கிறோம் என்பது ரகசியச் சாவியைப் பொறுத்தது. அந்த இடம் கேஷில் (பிராசஸரை ஒட்டியே இருக்கும் வேக நினைவகத்தில்) இருந்தால் பதில் உடனே வரும், இல்லாவிட்டால் தாமதமாகும். இந்த நேர வித்தியாசத்தை வைத்தே சாவியைப் பிடிக்க முடியும் என்று கிரிப்டோகிராஃபி ஆய்வாளர் டேனியல் பெர்ன்ஸ்டைன் 2005-இலேயே காட்டிவிட்டார். அட்டவணையே இல்லாமல் பிட் பிட்டாகக் கணக்கிடும் பிட்ஸ்லைசிங் முறை இருக்கும்போது இந்த ஆபத்தை ஏன் விலைக்கு வாங்க வேண்டும்?

சரி, அட்டவணையும் இல்லை, சாவியைப் பொறுத்து வழி மாறும் இஃப்-பும் இல்லை என்றால் நிம்மதியா? அதுவும் இல்லை. நீங்கள் கவனமாகத் தவிர்த்த கிளையைக் கம்பைலர் திரும்பக் கொண்டுவரலாம். சின்னக் கருவிகளுக்கான கார்டெக்ஸ்-எம்3 பிராசஸரில் 64 பிட் விடை தரும் பெருக்கல், எண்ணைப் பொறுத்து 3 முதல் 5 கிளாக் சைக்கிள் வரை எடுக்கும், அந்த நேர வித்தியாசமும் ரகசியத்தைக் காட்டிக்கொடுக்கலாம். ஆகவே ஒவ்வொரு சிப்புக்கும் வெளிவரும் அசெம்ப்ளியைத் திறந்து பாருங்கள்.

அப்புறம், ஏவிஎக்ஸ்-512, அதாவது ஒரே நேரத்தில் 512 பிட்களைக் கையாளும் கட்டளைகள். இன்டெலின் ஸ்கைலேக் சிப் உள்ள சர்வர்களில் அதன் கனமான கட்டளைகள் ஓடும்போது கிளாக் வேகம் குறையும். என்க்ரிப்ஷன் மட்டும் வேகமாகி, பக்கத்தில் ஓடும் மற்ற வேலைகள் மெதுவாகலாம். அந்த லூப்பை மட்டும் தனியாக அளந்தால் இது தெரியாது, முழு சர்வரையும் உண்மையான சுமையோடு அளக்க வேண்டும்.