புது வகுப்பின் முகங்களைப் பதியவைக்கும் முறை

ஜூன் மாதம் புது வகுப்பு. நாற்பது பிள்ளைகள், ஒரே சீருடை, ஒரே இரட்டைப் பின்னல். பதிவேட்டில் ஒட்டியிருக்கும் பாஸ்போர்ட் சைஸ் படத்தைப் பார்த்து முகம் படித்தால் பலன் குறைவு. 2011-இல் வெளியான ஒரு பிரிட்டன் ஆய்வில், நெதர்லாந்துப் பிரபலங்கள் இருவரின் படங்களை, ஆளுக்கு 20 வீதம், கலைத்துக் கொடுத்து ஆள்வாரியாகப் பிரிக்கச் சொன்னார்கள். அவர்களை முன்பின் தெரியாத பிரிட்டன்காரர்கள் ஏழெட்டுப் பேர் என்று நினைத்து அடுக்கினார்கள். தெரிந்த நெதர்லாந்துக்காரர்களில் பெரும்பாலோர் சரியாக இரண்டு அடுக்கு வைத்தார்கள். வெளிச்சத்துக்கும் கோணத்துக்கும் ஒரே முகம் எவ்வளவு மாறும் என்பதைப் பழக்கம்தான் கற்றுத்தருகிறது.

ஆகவே நாளுக்கு ஐந்து பேர் போதும். ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு நாளில் எடுத்த ஆறேழு படங்கள் வேண்டும்: சிரிப்பது, பக்கவாட்டில், வெயிலில் கண் சுருக்கி நிற்பது. தலைமுடியையும் காதையும் காகிதத் துண்டால் மறைத்துவிட்டு, மிஞ்சுகிற புருவம், கண், மூக்கு, வாயைப் பார்த்துப் பெயரை வாய்விட்டுச் சொல்லுங்கள். முடியையும் கண்ணாடியையும் நம்பினால், லீவில் மொட்டை போட்டு வந்த பையன் புது ஆளாகிவிடுவான். பிறகு சாயல் ஒத்த இருவரின் படங்களைக் கலைத்துப் பிரியுங்கள். மறுநாள் சோதிக்க, இதுவரை பார்க்காத படத்தையே எடுங்கள். பார்த்த படத்துக்குப் பெயர் சொன்னால், படம்தான் மனப்பாடம் ஆகியிருக்கிறது.

வடகிழக்கிலிருந்து வந்த பிள்ளைகள் 'எல்லாம் ஒரே மாதிரி' தெரிந்தால் குறை அந்த முகங்களில் இல்லை, நம் கண் பழகாததில் இருக்கிறது. ஆறு மாதக் குழந்தை குரங்கு முகங்களைக்கூடப் பிரித்தறியும். ஒன்பது மாதத்தில் அந்தத் திறன் மங்கிவிடுகிறது என்று 2002-இல் காட்டினார்கள். அந்தப் பிள்ளைகளுக்குப் படங்களையும் நாட்களையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

பழகியும் முகம் பிடிபடாத குழந்தையும் வகுப்பில் இருக்கலாம். புரோசோபக்னோசியா என்னும் நிலையில் பார்வை தெளிவாக இருக்கும், முகம் மட்டும் நிற்காது. பிறவிக் கண்புரையோடு பிறந்து, சில மாதங்களிலேயே அறுவை செய்துகொண்டவர்களுக்கும் கண், மூக்கு, வாய்க்கு இடையிலான தூர வேறுபாடு பின்னாளில் சரியாகப் பிடிபடுவதில்லை. முன் பெஞ்சில் உட்காரவைப்பதால் இது தீராது. சீருடையில்லாத நாளில் தோழியைத் தேடித் திணறுவது, கடைத்தெருவில் உங்களைக் கண்டும் வணக்கம் சொல்லாமல் போவது ஆகியவை அடையாளங்கள். திமிர் என்று திட்டிவிடாதீர்கள். "நான் கணக்கு மிஸ்" என்று நீங்களே முதலில் சொல்லுங்கள். குரலை வைத்து அந்தக் குழந்தை உங்களைக் கண்டுகொள்ளும்.