கணுக்கால் சுளுக்கு: முதல் நாளிலிருந்து மறுபடி ஓடும் வரை, படிப்படியாக

கால் பிசகியவரிடம் முதல் நாள் சொல்வதற்கு ஆளுக்கு ஒரு வைத்தியம் இருக்கிறது. ஐஸ் வை, பற்றுப் போடு, சுளுக்கு வழி, கிரேப் பேண்டேஜ் சுற்று. வீக்கம் வடிந்து, வலியும் ஏறக்குறைய மறைந்துவிட்ட மூன்றாவது வாரத்தில் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லத்தான் ஆள் கிடைப்பதில்லை. வாலிபால் ஆடும்போது மடங்கிய என் இடது கணுக்காலுக்காக ஓர் இயன்முறை மருத்துவரிடம் கற்றுக்கொண்டு, மறுபடி வலைக்கு முன்னால் எம்பிக் குதிக்கும் வரை செய்த பயிற்சிகளை இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

பாதம் உட்புறமாக மடங்கி, கணுக்காலின் வெளிப்பக்கம் வலிக்கும் சுளுக்குக்கு மட்டுமே இது பொருந்தும். பெரும்பாலான கணுக்கால் சுளுக்குகள் இந்த வகைதான். வெளிப்பக்கத்தில் எலும்புகளைப் பிணைத்து நிற்கும் மூன்று ஜவ்வுகளில் முன்பக்கம் இருப்பது முதலில் இழுபடும் அல்லது கிழியும். அடி பலமாக இருந்தால் அதற்கடுத்ததும் சேர்ந்து போகும். பின்னால் உள்ள மூன்றாவது அரிதாகவே பாதிக்கப்படும். ஜவ்வு வெறுமனே இழுபட்டிருந்தால் சில வாரங்களில் சரியாகும்; முழுவதும் கிழிந்திருந்தால் மாதக்கணக்கு ஆகும்.

படி 1: எலும்பு முறிவு இல்லை என்று உறுதி செய்யுங்கள்

இதற்குக் கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1992-இல் வெளியிட்ட விதிகளை இன்றும் உலகெங்கும் அவசர சிகிச்சைப் பிரிவுகளில் பயன்படுத்துகிறார்கள். கணுக்காலின் இருபுறமும் புடைத்திருக்கும் எலும்புகளின் பின்விளிம்பையும் நுனியையும் விரலால் அழுத்திப் பாருங்கள். நுனியிலிருந்து மேலே 6 செ.மீ. வரை பார்க்க வேண்டும். பிறகு பாதத்தின் வெளியோரத்தில், சுண்டுவிரலுக்கும் குதிகாலுக்கும் நடுவே துருத்தும் எலும்பு. அதேபோல் உள்பக்கம், வளைவுக்கு மேலே உள்ள எலும்பு. இந்த இடங்களில் எலும்பின் மீதே வலி தெறித்தாலோ, அடிபட்ட உடனேயும் மருத்துவமனையிலும் நான்கு அடி எடுத்து வைக்க முடியாவிட்டாலோ எக்ஸ்ரே எடுக்க வேண்டும். நொண்டிக்கொண்டு வைத்தாலும் அது அடிதான்.

சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்கள் இந்தச் சோதனையை நம்பக் கூடாது. வலி தெரியாத காலில் அழுத்திப் பார்ப்பதற்குப் பொருளில்லை. நேராக மருத்துவரிடம் போங்கள்.

படி 2: முதல் இரண்டு மூன்று நாள்

காலை உயர்த்தி வையுங்கள். வலி அதிகமிருந்தால் துணியில் சுற்றிய ஐஸை 10 முதல் 15 நிமிடம் வைக்கலாம். ஐஸ் வலியை மரக்கச் செய்யும், ஜவ்வை ஆற்றாது. ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்தி வைத்தல் என்ற நான்கையும் 1978-இல் பிரபலமாக்கிய அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கினே, ஐஸும் முழு ஓய்வும் ஆறுவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று பிற்காலத்தில் எழுதினார்.

புளி, உப்பு, மஞ்சள் கரைத்துக் காய்ச்சிச் சூடாகப் போடும் பற்றையும், எண்ணெய் விட்டு அழுத்தி உருவுவதையும் இந்த நாள்களில் தயவு செய்து தவிர்த்துவிடுங்கள். உள்ளே ரத்தம் கசிந்துகொண்டிருக்கும் இடத்தில் சூடும் அழுத்தமும் வீக்கத்தைக் கூட்டும். வீட்டில் பெரியவர்கள் அக்கறையோடுதான் சொல்வார்கள். “ஒரு வாரம் போகட்டும் அம்மா” என்று தள்ளிப்போட்டால் போதும்.

கிரேப் பேண்டேஜை விரல்களின் அடியிலிருந்து தொடங்கி, மேல்நோக்கி, குதிகாலையும் மூடி, எட்டு வடிவில் சுற்றுங்கள். பலர் குதிகாலைத் திறந்து விட்டுவிடுவதால் வீக்கம் அங்கே போய்த் தேங்குகிறது. கால் நகத்தை அழுத்தி விட்டால் இரண்டு விநாடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும், இல்லையென்றால் கட்டு இறுக்கம். தூங்கும்போது கழற்றிவிடுங்கள்.

படி 3: அசைக்கத் தொடங்குங்கள்

முறிவு இல்லை என்று தெரிந்துவிட்டால் இரண்டாம் மூன்றாம் நாளிலேயே தொடங்கலாம். கட்டிலில் காலை நீட்டி, கெண்டைக்கால் கீழே தலையணை வைத்து, பெருவிரலைப் பேனாவாக எண்ணிக் காற்றில் உயிரெழுத்துகளை எழுதுங்கள். முழங்கால் அசையக் கூடாது, கணுக்கால் மட்டும். ‘இ’, ‘ஔ’ போன்ற சுழி நிறைந்த எழுத்துகள் மூட்டை எல்லாத் திசையிலும் கொண்டு போகின்றன. ‘ட’, ‘ப’ போன்றவற்றில் அவ்வளவு வேலை இல்லை. ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை, அ முதல் ஔ வரை.

நடக்கத் தடி தேவைப்பட்டால் அடிபடாத பக்கத்துக் கையில் பிடியுங்கள். மாடிப்படி ஏறும்போது நல்ல கால் முன்னே, இறங்கும்போது அடிபட்ட கால் முன்னே. நடை மெதுவாக இருக்கலாம். ஆனால் குதிகால் முதலில் பதிந்து, கடைசியாகப் பெருவிரல் தரையைத் தள்ளும் ஒழுங்கான நடையாக இருக்க வேண்டும். பாதத்தைப் பலகைபோலத் தூக்கித் தூக்கி வைத்தால் அதுவே பழக்கமாகிவிடும்.

எவ்வளவு வலி வரை செய்யலாம்? பத்துக்கு மூன்று வரை பரவாயில்லை. மறுநாள் காலையில் வலியோ வீக்கமோ முந்தைய நாளைவிட அதிகமாக இருந்தால் முந்தைய அளவுக்குத் திரும்புங்கள். கீழே வரும் எல்லாப் படிகளுக்கும் இதுதான் விதி.

படி 4: முழங்காலைச் சுவரில் தொடுதல்

என்னை அதிக நாள் நிறுத்தி வைத்த படி இது. வலி இல்லை, வீக்கம் இல்லை, ஆனாலும் மாடிப்படி இறங்கும்போது மேல்படியில் நிற்கும் இடது கால் முழுவதாக மடங்காமல் உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தது. குத்த வைத்து உட்கார்ந்தால் இடது குதிகால் மட்டும் தரையை விட்டு எழுந்தது. இரண்டுக்கும் காரணம் ஒன்றே: முழங்கால் பாதத்துக்கு முன்னால் போகும் அளவுக்குக் கணுக்கால் மடங்கவில்லை.

அளப்பது எளிது. வெறுங்காலோடு சுவரைப் பார்த்து நின்று, பெருவிரல் சுவரிலிருந்து சில செ.மீ. தள்ளி இருக்குமாறு ஒரு காலை முன்னே வையுங்கள். குதிகாலைத் தூக்காமல் முழங்காலைச் சுவரில் தொடுங்கள். தொட முடிந்தால் பாதத்தைக் கொஞ்சம் பின்னால் நகர்த்துங்கள். குதிகால் எழாமல் தொட முடிகிற மிக அதிகத் தொலைவைப் பள்ளிக்கூட ஸ்கேலால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு காலுக்கும் இப்படி அளக்க வேண்டும். ஒவ்வொரு செ.மீ. குறைவும் மூட்டில் ஏறக்குறைய மூன்றரை டிகிரி குறைவு. பலருக்கு 10 செ.மீ. அளவில் வரும். ஆனாலும் நீங்கள் ஒப்பிட வேண்டியது உங்களுடைய மற்றொரு காலோடுதான். இரண்டு செ.மீ. வித்தியாசம் இருந்தால் இந்தப் படியை முடிக்காமல் நகராதீர்கள்.

அளக்கும்போது உடல் மூன்று வழியில் ஏமாற்றும். பாதம் வெளிப்பக்கம் திரும்பும், உள்வளைவு சரியும், குதிகால் ஒரு நூல் எழும். முழங்கால் இரண்டாவது விரலின் நேரே போகிறதா என்று பாருங்கள். குதிகாலுக்கு அடியில் ஒரு காகிதத்தை வைத்து, வீட்டில் யாரையாவது இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். உருவ வந்தால் குதிகால் எழுந்துவிட்டது.

இனி, எங்கே தடுக்கிறது என்பதைக் கவனியுங்கள். கெண்டைக்காலில் இழுத்தால் தசை இறுக்கம். சுவரில் கை ஊன்றி, அடிபட்ட காலைப் பின்னால் வைத்து, முழங்கால் நேராக 30 விநாடி, லேசாக மடித்து 30 விநாடி, இரண்டையும் மூன்று மூன்று முறை நீட்டுங்கள். அது போதும்.

கணுக்காலின் முன்மடிப்பில் எதுவோ இடிப்பதுபோல் நின்றால் விஷயம் வேறு. எனக்கு இருந்தது இது. எவ்வளவு கெண்டைக்காலை நீட்டினாலும் ஸ்கேலில் ஒரு மாற்றமும் வரவில்லை. மூட்டுக்குள் இருக்கும் எலும்பு பின்னால் வழுக்கிப் போக வேண்டும். அது போகாமல் முன்னாலேயே நின்றுவிடுகிறது. இதற்கு ஒரு தடித்த பருத்தித் துண்டையோ அகலமான ரப்பர் பட்டையையோ கட்டிலின் காலில், தரையை ஒட்டிக் கட்டுங்கள். கட்டிலுக்கு முதுகு காட்டி நின்று, துண்டின் வளையத்தைக் கணுக்காலின் முன்மடிப்பில், புடைத்த எலும்புகளுக்குக் கீழே மாட்டுங்கள். எலும்புகளுக்கு மேலே மாட்டினால் பலனில்லை, இந்த இடத்தில்தான் எல்லாருமே தவறுகிறார்கள். துண்டு விறைக்கும் வரை முன்னே நகர்ந்து, குதிகாலை ஊன்றியபடி முழங்காலை முன்னே கொண்டு போய்த் திரும்புங்கள். பத்து முறை, இரண்டு மூன்று சுற்று. முடித்த கையோடு மறுபடி அளந்து பாருங்கள். இடம் சரியாக அமைந்தால் அப்போதே கொஞ்சம் கூடியிருக்கும். இடிக்கும் வலி அதிகமானால் நிறுத்திவிட்டு இயன்முறை மருத்துவரிடம் காட்டுங்கள். முதல் முறை அவர் முன்னிலையில் செய்வது இன்னும் நல்லது.

படி 5: பலம்

பாதத்தை வெளிப்பக்கம் இழுக்கும் தசைகள்தான் அடுத்த மடங்கலைத் தடுக்க வேண்டியவை. முதலில் உட்கார்ந்தபடி பாதத்தின் வெளியோரத்தைச் சுவரில் வைத்து அழுத்துங்கள். ஐந்து விநாடி, பத்து முறை. ஒரு வாரம் கழித்து ரப்பர் பட்டை போட்டு வெளிப்பக்கம் இழுத்து, மெதுவாகத் திரும்ப விடுங்கள். திரும்ப விடும் பாதியை அவசரப்படுத்தாதீர்கள்.

கூடவே குதிகால் உயர்த்தல். இரண்டு காலில் 15 முறை வீதம் மூன்று சுற்று வலியில்லாமல் முடிந்தால் ஒற்றைக் காலுக்கு மாறுங்கள். ஒற்றைக் காலில் 20 முறை வரும் வரை ஓட நினைக்க வேண்டாம்.

படி 6: ஒற்றைக் காலில் நிற்பது

நான் இதை எழுதுவதே இந்தப் படிக்காகத்தான். ஜவ்வு கிழியும்போது பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் நரம்பு முனைகளும் சேர்ந்து பாதிக்கப்படுகின்றன என்ற கருத்தை 1965-இல் பிரிட்டனைச் சேர்ந்த ஃப்ரீமன் என்ற எலும்பு மருத்துவரும் சகாக்களும் முன்வைத்தார்கள். ஆடும் பலகையில் நின்று சமநிலை பழகியவர்களுக்குக் கால் வழுக்கி மடங்கும் தொல்லை குறைந்ததைக் கண்டார்கள். முதல் முறை சுளுக்கியவர்களில் நாற்பது சதவீதம் பேர் வரை பிறகும் உறுதியற்ற கணுக்காலோடு நடமாடுகிறார்கள். ஒரே கால் திரும்பத் திரும்பப் பிசகுவதை ‘ராசியில்லாத கால்’ என்று விட்டுவிடுகிறோம். அது பயிற்சி கிடைக்காத கால்.

செருப்பில்லாமல் சுவரருகே ஒற்றைக் காலில் 30 விநாடி நில்லுங்கள். முழங்கால் லேசாக மடங்கியிருக்கட்டும். பல் துலக்கும் நேரம் இதற்கு மிகவும் தோதானது. 30 விநாடி ஆடாமல் வந்தால், சுவரைத் தொடும் தூரத்தில் நின்று கண்களை மூடிச் செய்யுங்கள். பிறகு தலையணை மேல். பிறகு தலையணை மேல் நின்று பந்தைச் சுவரில் எறிந்து பிடிக்க வேண்டும். கடைசியாக, நிற்கும் காலை அசைக்காமல் மற்றொரு காலை முன்னே, பக்கவாட்டில், பின்னே நீட்டித் தரையைத் தொட்டுத் திரும்புங்கள். வாரத்தில் ஐந்து நாளாவது, ஆறு முதல் எட்டு வாரம் தொடருங்கள். வலி முற்றிலும் போன பிறகும்.

படி 7: ஓட்டமும் ஆட்டமும்

வேக நடையில் வலி இல்லை, சுவர் அளவு இரண்டு காலுக்கும் ஏறக்குறைய சமம், ஒற்றைக் காலில் பத்து முறை குதிக்கத் தயக்கமில்லை என்றால் நேர்கோட்டில் மெல்லோட்டம். பிறகு எட்டு வடிவில். திடீர்த் திருப்பங்களும் வாலிபாலும் கபடியும் அதற்குப் பிறகு.

எதை வாங்கலாம்

விளையாடும்போது மட்டும், கயிறு கட்டும் வகை கணுக்கால் பிரேஸ். முன்பே சுளுக்கிய காலுக்கு அது மறுசுளுக்கைக் குறைக்கிறது. சாக்ஸ் போல இழுத்துப் போடும் எலாஸ்டிக் உறைக்கு நான் காசு செலவழிக்க மாட்டேன், அது மடங்கலைத் தடுக்காது. ரப்பர் பட்டை கிடைக்காவிட்டால் சைக்கிள் கடையில் பழைய ட்யூபை நீளவாக்கில் வெட்டி வாங்குங்கள், நன்றாக உழைக்கும். ஆடும் பலகை தேவையில்லை, தலையணை போதும். தேய்ந்த ரப்பர் செருப்பை மட்டும் சில மாதங்களுக்கு ஒதுக்கி வையுங்கள்.

பின்சேர்க்கை

வாசகர்கள் கேட்டவற்றில் மூன்றை இங்கே சேர்க்கிறேன்.

நாள் முழுதும் நின்று வேலை செய்பவர் ஒருவர், மாலையில் வீக்கம் திரும்புகிறது என்று எழுதியிருந்தார். சில வாரங்களுக்கு அது இயல்பு. காலையில் வடிந்துவிடுகிறதா என்பதே கேள்வி. வடியாமல், கெண்டைக்கால் வீங்கிச் சூடாகி வலித்தால் அது சுளுக்கின் வீக்கம் அல்ல, ரத்த உறைவாக இருக்கலாம். அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

இன்னொருவருக்குக் கணுக்காலுக்கு மேலே, கீழ்க்காலின் இரண்டு எலும்புகளும் சேருமிடத்தில் வலி; பாதத்தை வெளிப்பக்கம் திருப்பினால் கூடுகிறது. அது மேல்கணுக்கால் சுளுக்கு. ஆற அதிக நாளாகும், தொடக்கத்தில் காலை ஊன்றுவதற்கே கட்டுப்பாடு வேண்டும். இந்தப் படிகளை அப்படியே செய்யக் கூடாது.

மூன்றாவது, இந்தியக் கழிப்பறை. முழுவதும் குத்த வைப்பதற்கு நான்காம் படியின் அளவு ஏறக்குறைய முழுமையாகத் திரும்ப வேண்டும். அதுவரை, முறிவு இல்லை என்றாலும், நாற்காலிக் கழிப்பறையையோ நடுவில் துளையுள்ள பிளாஸ்டிக் ஸ்டூலையோ பயன்படுத்துங்கள். குதிகாலைத் தூக்கி விரல் நுனியில் குந்துவது, ஈரத் தரையில், ஆறிவரும் ஜவ்வுக்கு மிகவும் ஆபத்தான நிலை.