கூகுளின் ஆண்டறிக்கையில் எந்த வரியைப் பார்க்க வேண்டும்?

நான் மேல்நிலைப் பள்ளியில் கணக்குப்பதிவியல் நடத்துகிறேன். கூகுளின் தாய் நிறுவனம் ஆல்ஃபபெட் 2024-இல் 10,000 கோடி டாலருக்கு மேல் நிகர லாபம் ஈட்டியது என்று செய்தி வந்தபோது, "எப்படி மிஸ் இவ்வளவு?" என்று பிள்ளைகள் கேட்டார்கள். விடை அறிக்கையிலேயே இருக்கிறது. ஓரளவு ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்தால் போதும்.

ஆல்ஃபபெட்டின் முதலீட்டாளர் பக்கத்தில் 'டென்-கே' என்ற பெயரில் ஆண்டறிக்கை இலவசமாகக் கிடைக்கும். தொகைகள் மில்லியன் டாலரில் இருக்கும். கடைசி இலக்கத்தை விரலால் மறைத்தால் கோடி டாலர். 198,084 என்றிருந்தால் 19,808 கோடி.

முதலில் வருவாயைப் பிரித்துக் காட்டும் அட்டவணையைத் தேடுங்கள். 2024-இல் மொத்த வருவாய் சுமார் 35,000 கோடி டாலர். அதில் தேடலும் அது சார்ந்த விளம்பரமும் மட்டுமே 19,808 கோடி. யூடியூப் விளம்பரம் 3,600 கோடியைத் தாண்டியது, கிளவுட், அதாவது கணினி வசதிகளை இணையம் வழியே வாடகைக்கு விடும் தொழில், 4,300 கோடியைத் தொட்டது. இத்தனை தொழில்கள் இருந்தும் பாதிக்கு மேல் அந்தத் தேடல் பெட்டியிலிருந்துதான் வருகிறது.

அடுத்து லாபம். நிகர லாபத்தோடு நிறுத்தாதீர்கள். மற்ற நிறுவனங்களில் வைத்திருக்கும் பங்குகளின் மதிப்பு ஏறினால்கூட அந்தத் தொகை கூடிவிடும். தொழிலின் பலம் தெரிய இயக்க லாபத்தை, அதாவது தொழிலை நடத்துவதிலிருந்து மட்டும் வரும் லாபத்தை, பாருங்கள்: 2023-இல் வருவாயில் 27 சதவீதம், 2024-இல் 32.

இப்போதுதான் முக்கியமான வரி. செலவுப் பகுதியில் 'டிராஃபிக் அக்விசிஷன் காஸ்ட்', சுருக்கமாக டிஏசி, என்று இருக்கும். கூகுள் விளம்பரங்களைத் தாங்கும் இணையதளங்களுக்கும், கூகுளை முதல் தேடுபொறியாக வைக்கும் பிரவுசர், போன் நிறுவனங்களுக்கும் போகும் பணம் அது. 2024-இல் சுமார் 5,490 கோடி டாலர். ஆப்பிளுக்கு மட்டும் எவ்வளவு என்று அறிக்கை பிரித்துச் சொல்லாது. ஆப்பிளின் பிரவுசரான சஃபாரியில் முதலிடத்துக்காக 2022-இல் கூகுள் 2,000 கோடி டாலர் கொடுத்தது அமெரிக்க அரசு தொடுத்த வழக்கில்தான் வெளியே வந்தது. தரம் நன்றாக இருப்பதால் மட்டுமே எல்லோரும் கூகுளுக்கு வருகிறார்கள் என்று நம்புபவர்கள் இந்த வரியைக் கட்டாயம் படிக்க வேண்டும். வாசலை விலைக்கு வாங்குவதற்கான கணக்கு இது. புதிதாக ஒரு தேடுபொறி எவ்வளவு நன்றாக இருந்தாலும் இத்தனை பணத்தோடு போட்டி போட முடியுமா?

பிறகு பின்குறிப்புகளில் சட்ட விவகாரங்கள் பகுதிக்கு வாருங்கள். தேடல் சந்தையில் தன் ஏகபோகத்தைக் காத்துக்கொள்ள கூகுள் சட்டத்தை மீறியது என்று அந்த அமெரிக்க வழக்கில் 2024 ஆகஸ்டில் நீதிபதி அமித் மேத்தா தீர்ப்பளித்தார். அபராதங்களை லாபத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆண்ட்ராய்டு விவகாரத்தில் இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் விதித்தது 1,337.76 கோடி ரூபாய். அந்த ஆண்டு ஆல்ஃபபெட்டின் நிகர லாபம் கிட்டத்தட்ட 6,000 கோடி டாலர். அபராதத்தால் மட்டும் இந்த நிறுவனம் வழிக்கு வராது என்பது என் உறுதியான கருத்து.

2025 செப்டம்பரில் நீதிபதி மேத்தா, கூகுளை மட்டுமே வைக்க வேண்டும் என்னும் பிரத்தியேக ஒப்பந்தங்களுக்குத் தடை போட்டார். ஆனால் முதலிடத்துக்குப் பணம் கொடுப்பதை முழுதாகத் தடுக்கவில்லை. எனவே ஒவ்வோர் ஆண்டும் டிஏசியை மொத்த விளம்பர வருவாயால் வகுத்து எழுதி வையுங்கள். 2022-இல் 21.8 சதவீதம், 2023-இல் 21.4, 2024-இல் 20.7. அடுத்த அறிக்கை வந்ததும் நான்காவது எண்ணை நீங்களே சேர்த்துக்கொள்ளலாம்.