கடைசி ஓவருக்கு முதலில் ஆள் பாருங்கள்

சம்பா அறுத்த மெஷின் வயலைவிட்டு ஏறியதும் எங்கள் ஊர்ப் பையன்கள் கிரிக்கெட் மட்டையைத் தூக்கிவிடுவார்கள். நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் நடுவில் இருக்கிற ஊர். உளுந்து தெளிக்காத வயலாக ஒன்று கிடைத்தால் பங்குனி, சித்திரை, வைகாசி மூன்று மாதத்துக்கும் அதுதான் கிரவுண்ட். ஜூன் 12 மேட்டூர் திறந்து, தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு வந்துவிட்டால் ஆட்டம் முடிந்தது. அதற்குள் சுற்றுவட்டாரத்தில் எட்டுப் பத்து டோர்னமென்ட் நடந்துவிடும்.

நான் பம்ப்செட் மோட்டார் மெக்கானிக். பதினோரு வருடம் ஊர் டீமுக்குப் பந்து போட்டேன். தோள் போனபிறகு, ஒன்பது வருடமாக ஆள் பொறுக்குகிற வேலை. மாசி மாதம் உட்கார்ந்து பௌலர்களை எப்படி எடுக்கிறேன் என்பதை எழுதச் சொல்லிப் பையன்கள் கேட்டார்கள். பேட்ஸ்மேனை எப்படி எடுப்பது என்று கேட்காதீர்கள். எங்கள் ஊரில் எல்லாருமே பேட்ஸ்மேன்தான்.

தாளை எடுத்ததும் எல்லாரும் பெயர்களை எழுதுவார்கள். நான் முதலில் ஓவர்களை எழுதுவேன். எங்கள் பக்கம் பெரும்பாலும் 8 ஓவர் மேட்ச், ஒருவருக்கு அதிகபட்சம் 2 ஓவர். கணக்குப்படி நாலு பௌலர் போதும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை டோர்னமென்டில் ஜெயித்துக்கொண்டே போனால் காலை 7 மணிக்கு முதல் மேட்ச், பொழுது சாயும்போது ஃபைனல் என்று ஒரே நாளில் நாலு மேட்ச் வரும். 32 ஓவர். நாலே பேர் என்றால் ஆளுக்கு 8 ஓவர், அதுவும் சித்திரை வெயிலில். நாலாவது மேட்சில் அவர்கள் போடுவது பந்தாக இருக்காது, வேண்டுதலாக இருக்கும். அதனால் ஆறு பேர் வேண்டும். ஏழாவதாக ஒருவன், எங்கேயும் போகாமல் ஊரிலேயே கிடப்பவன்.

ஓவர்களை 1 முதல் 8 வரை எழுதி, நான் முதலில் ஆள் தேடுவது எட்டாவது ஓவருக்கு. முன்பெல்லாம் நானும் முதல் ஓவரிலிருந்துதான் நிரப்பிக்கொண்டு வந்தேன். நல்லவர்களெல்லாம் முன்னாலேயே தீர்ந்து, கடைசி ஓவருக்கு யார் கை ஓய்வாக இருக்கிறதோ அவன் என்று ஆகிவிடும். எதிர் டீமுக்கு 11 ரன் வேண்டியிருக்கும்போது அப்படி ஒருவன் வந்து முதல் பந்தையே இடுப்புக்கு மேல் ஃபுல்டாஸ் போட்டால் என்ன ஆகும்? நோ பால், அது சிக்ஸரும்கூட. இது எனக்கு இரண்டு ஃபைனலில் நடந்திருக்கிறது.

அக்கா மகன் ஒருவன் டெக்சாஸில் இருக்கிறான். அங்கே பேஸ்பாலில் டீமுக்கு 26 பேர், அதில் பந்து வீசுகிறவர்களே 13 பேர் வரை இருக்கலாமாம். ஆட்டத்தைத் தொடங்க ஐந்து பேர் முறை வைத்து வருவார்கள். கடைசி இன்னிங்ஸை முடித்துக்கொடுக்க மட்டும் தனி ஆள், குளோசர் என்று பெயர். நூறு பந்து வீசியவனுக்கு அப்புறம் நாலு நாள் ஓய்வு என்றான். "மாமா, உங்க பசங்க ஒரே நாள்ல நாலு மேட்ச் போடுறாங்கன்னு சொன்னா இங்க யாரும் நம்ப மாட்டாங்க" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை, தோள்தான் வலித்தது. ஆனால் அந்தக் குளோசர் யோசனையை அப்படியே எடுத்துக்கொண்டேன்.

எட்டாவது ஓவருக்கு ஆள் பார்க்க என்னிடம் ஒரு செருப்புப் பரீட்சை உண்டு. பேட்டிங் கோட்டின்மேல் ஒரு ஹவாய் செருப்பைப் போடுங்கள். பையனை வயலை இரண்டு சுற்று ஓடவிட்டு, மூச்சு வாங்கும்போதே 12 பந்து போடச் சொல்லுங்கள். செருப்பிலோ அதற்கு ஒரு சாண் அக்கம்பக்கத்திலோ எத்தனை விழுகிறது என்று எண்ணுங்கள். ஐந்து விழுந்தால் நல்ல கை. ஏழு விழுந்தால் அவனை வெளியூர் டீம் கண்ணில் காட்டாதீர்கள். அடுத்த நாள் அதே 12 பந்து, இந்தத் தடவை பந்தை வாளித் தண்ணீரில் நனைத்துக் கொடுங்கள். லைட் போட்டு நடக்கிற ராத்திரி மேட்சில் பனி இறங்கினால் பந்து இப்படித்தான் வழுக்கும். மூன்றாவது நாள் மற்றப் பையன்களை எல்லைக்கோட்டில் நிறுத்திக் கத்தச் சொல்லுங்கள். இந்த மூன்றாவது நாளில்தான் பாதிப் பேர் உதிர்வார்கள்.

செருப்பில் விழுகிற அந்தப் பந்துதான் யார்க்கர், பேட்ஸ்மேனின் காலடியில் குத்துவது. அதன் மதிப்பைச் சந்தேகப்படுகிறவர்களுக்கு நடராஜனை நினைவுபடுத்துவேன். சேலம் பக்கம் சின்னப்பம்பட்டி, டென்னிஸ் பந்தில் வளர்ந்த கை. 2020 டிசம்பரில் கான்பெராவில் முதல் ஒருநாள் ஆட்டம், 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் முதல் டெஸ்ட். ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் இந்தியாவுக்கு அறிமுகமானார்.

அடுத்து நடு ஓவர்கள், மூன்றிலிருந்து ஆறு வரை. இங்கே வேகத்தைவிட மண்ணைப் பாருங்கள். எங்கள் வயல் வண்டல் களி. காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். அரிதாளைச் செத்திவிட்டு, தண்ணீர் தெளித்து உருளை போட்டாலும் பத்து நாளில் வெடிப்பு திரும்பி வந்துவிடும். இந்த மண்ணில் விரலால் தேய்த்து மெதுவாக விடுகிற கட்டர், குத்திய இடத்தில் நின்று வரும். சுற்றின மட்டை முன்னாலேயே போய்விடும், பந்து பின்னால் வந்து விளிம்பில் படும். வேதாரண்யம் பக்கம் மணல்பாங்கான கிரவுண்டுக்குப் போனால் இன்னும் மெதுவாக நிற்கும். சுழற்பந்துக்காரர் வருண் சக்கரவர்த்தியின் வித்தையெல்லாம் டென்னிஸ் பந்தில் பழகியதுதான். எனவே மெதுவாகப் போடுகிறவன் ஒருவன் கட்டாயம், இரண்டு பேர் இருந்தால் நல்லது. சமமான திறமையில் இரண்டு பேர் வந்து, அதில் ஒருவன் இடதுகை என்றால் யோசிக்காமல் இடதுகையை எடுங்கள்.

முதல் இரண்டு ஓவருக்குத்தான் வேகம். புதுப் பந்து எகிறும், பேட்ஸ்மேனுக்கும் கண் பழகியிருக்காது. இதில் ஆள் கிடைப்பது சுலபம், வேகமாகப் போடுகிற பையன் தெருவுக்கு ஒருவன் இருக்கிறான். காற்றை மட்டும் கணக்கில் வையுங்கள். வைகாசியில் மேல்காற்று கிளம்பினால் எதிர்த்து ஓடி வருகிற பையன் மூன்றாவது பந்திலேயே நொந்துபோவான். மெதுவாகப் போடுகிறவனுக்கு அதே எதிர்க்காற்று வரப்பிரசாதம்.

வேகத்தைப் பற்றி வீட்டிலேயே ஒரு சண்டை உண்டு. மச்சான் மகன் ஒருவன், நிஜமாகவே ஊரில் அவனைவிட வேகம் கிடையாது. போன வருடம் அவனை எடுக்கவில்லை.

"ஏன் மாமா, என்னளவுக்கு இங்க யாரு போடுறா?"

"வேகம் இருக்குடா மாப்ள. கூடவே வைடும் இருக்கே."

நோட்டைக் காட்டினேன். 24 பந்தில் 6 வைடு. உரக்கடையில் கொடுத்த டைரிதான் என் நோட்டு. ஒவ்வொருவனுக்கும் வைடு, ஃபுல்டாஸ், செருப்பு என்று மூன்று கட்டம். 48 பந்து ஆட்டத்தில் வைடு என்றால் ஒரு ரன்னோடு போவதில்லை, திரும்ப ஒரு பந்து போட வேண்டும். அவன் ஒரு மாதம் பேசவில்லை, என் வீட்டுக்காரிதான் இரண்டு பக்கமும் சமாதானம் செய்தாள். இந்த வருடம் ஓட்டத்தை நாலு அடி குறைத்துக்கொண்டு வந்தான். 24 பந்தில் 2 வைடு. முதல் ஓவர் அவனுக்குத்தான்.

அப்புறம் மாங்கா, அதாவது முழங்கையை மடக்கிப் பந்தை எறிகிறவன். நம் ஊரில் அவன் எறிவது நமக்கு மாமூலாகத் தெரியும், வெளியூர் அம்பயருக்கு அப்படித் தெரியாது. பெரிய ஆட்டங்களில் முழங்கை 15 டிகிரிவரை நீளலாம் என்று விதி. வயலில் அதை யார் அளப்பது? பக்கவாட்டில் நின்று போனில் ஸ்லோமோஷன் எடுத்துப் பாருங்கள். கண்ணுக்கே உறுத்தினால் மாசியிலேயே திருத்துங்கள். திருந்தாவிட்டால் ஃபீல்டிங்குக்கு அனுப்புங்கள்.

இதெல்லாம் பார்த்து ஆறு பெயர் வந்தபிறகுதான் உண்மையான கேள்வி: மேட்ச் அன்றைக்கு அவன் ஊரில் இருப்பானா? எங்கள் நல்ல கைகளில் ஒருவன் திருப்பூர் பனியன் கம்பெனியில், ஒருவன் சென்னையில். திருப்பூர்க்காரன் சனிக்கிழமை சம்பளம் வாங்கி ராத்திரி பஸ் ஏறினால் விடியற்காலை வந்து சேருவான். தூங்காத அந்தக் கையை முதல் மேட்சில் போடாதீர்கள். இரண்டு மணி நேரம் பூவரச நிழலில் படுக்கவிடுங்கள்.

அதைவிடச் சிக்கல் லோடுமேன் தம்பி. செருப்புப் பரீட்சையில் அவனுக்கு எட்டு. எங்கள் எட்டாவது ஓவர்க்காரன் அவன்தான். ஆனால் மாசி, பங்குனியில் நெல் கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ சிப்பத்தைக் காலையிலிருந்து தூக்கிக்கொண்டிருப்பான். அந்தத் தோளைச் சாயங்காலம் பந்து போடச் சொல்வது பாவம். சம்பளமும் சிப்பக் கணக்கில்தான், லீவு போடச் சொல்ல நமக்கு உரிமை இல்லை. மூட்டை வரத்து குறைகிறவரை அவனுக்கு மேட்சில் ஒரே ஓவர், பயிற்சியே கிடையாது. அந்த நாட்களுக்கு எட்டாவது ஓவருக்கு இரண்டாவது ஆளைத் தயாராக வைத்திருப்பேன்.

மற்றவர்களுக்கு மூன்று வாரப் பயிற்சி போதும். முதல் வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள், 24 பந்துக்கு மேல் வேண்டாம். அடுத்த வாரம் 36. மூன்றாவது வாரம் 48, அதையும் காலையில் பாதி, மாலையில் பாதி. என் தோள் போனது இப்படி எதுவும் செய்யாததால்தான். ஆறு மாதம் பந்தைத் தொடாமல் இருந்துவிட்டு ஒரே ஞாயிற்றுக்கிழமையில் 9 ஓவர் போட்டேன், மறுநாள் ஸ்பேனரைத் தூக்க முடியவில்லை. பதினாறு பதினேழு வயதுப் பையன்களிடம் இன்னும் கவனம். முதுகு வலிக்கிறது என்று அவர்கள் சொல்லமாட்டார்கள், ஓடி வரும்போது முகத்தைப் பாருங்கள்.

பட்டியலைக் கேப்டனிடம் கொடுக்கும்போது பென்சிலில் எழுதிக் கொடுங்கள். கொள்முதல் நிலையம் எந்த வாரம் மூடும் என்று இதுவரை எனக்கு யாரும் முன்கூட்டிச் சொன்னதில்லை.